யஹ்யாவுக்கு நினைவு வராத தப்பு

பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை மென்பொருள்காரர்கள் கூடுவார்கள். பேச வருகிறவர் முதலில் தான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். மேலப்பாளையம் யஹ்யாவுக்கு மட்டும் தன் தப்பு எதுவும் நினைவுக்கு வராது. அதனால் பழைய ஆபீஸ் கதையைச் சொல்வார்.

"எங்க ஆபீஸ்ல ஒரு பிள்ளை. கல்யாண மண்டப புக்கிங் மொத்தத்தையும் ஒரே வரிக் கட்டளையில அழிச்சிட்டுது. அடுத்த முகூர்த்தத்துல பாத்தா, ஒரே மண்டபத்துல ரெண்டு மாப்பிள்ளை நிக்காவ."

எல்லோரும் சிரித்தார்கள்.

அழித்தது யஹ்யாதான். அந்தப் பிள்ளை வடிவு சாப்பிடப் போயிருந்தபோது அவள் கணினியில் உட்கார்ந்து, சும்மா சோதனைக்கு வைத்த தகவல் என்று நினைத்து அழித்தார். வடிவுக்கு வேலை போயிற்று. யஹ்யாவுக்கு நல்ல கதை கிடைத்தது.

சிரிப்பு அடங்கும்போதுதான், மூன்றாம் வரிசையில் வடிவு இருப்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகு பேசியது அவருக்கே விளங்கவில்லை.

டீ வேளையில் அமைப்பாளர் சிவசண்முகம் வடிவிடம் வந்தார். "அடுத்த மாசம் நீங்க பேசுங்கம்மா. முதல்ல உங்க தப்பு ஒண்ணைச் சொல்லணும், பாத்துக்கிடுங்க."

"என் தப்பைத்தான் யஹ்யா அண்ணன் சொல்லிட்டாவளே" என்றாள் வடிவு. "அவுக தப்பை நான் சொல்லட்டுமா?"

சிவசண்முகம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

'நானே சொல்லுதேன்' என்பது பக்கத்தில் டீயோடு நின்ற யஹ்யாவின் தொண்டை வரை வந்தது.

"மழை வரும் போல இருக்கு, கெளம்புதேன்" என்றார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.