லிஃப்ட் எண்ணெய் குடித்த கிளட்ச்

எண்ணெய்ப் பசையுள்ள எதைப் பார்த்தாலும் அவர் ஒரு விரலால் தொடுவார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், "ம்" என்று தலையாட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி இதைப் பார்த்துவருகிறார். கதவுக் கீல், தையல் மெஷின், ஒருமுறை விருந்தாளி தலைசாய்த்துவிட்டுப் போன சுவர். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லும்படி ஏதாவது இருந்ததா என்பதும் தெரியாது.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். தெருவில் வெறும் 'இன்ஸ்பெக்டர்'. புதிதாகக் குடிவந்தவர்கள் போலீஸ் என்று நினைத்து எழுந்து நின்றால் திருத்தமாட்டார். வேலையில் ஈவிரக்கம் கிடையாது. லிஃப்டின் ரப்பர் வளையத்தில் தலைமுடி கனத்துக்கு வெடிப்பு தெரிந்தால் போதும். "மாற்றவும்" என்று எழுதி லிஃப்டைப் பூட்டிவிடுவார். மேல்மாடிக்காரர்கள் மூச்சிரைத்துக்கொண்டே திட்டுவார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

மனைவியின் தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்பியபோது தன் பெரிய பைக்கை அக்கா வீட்டில் விட்டுப்போனான். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய வண்டி. அதன் கிளட்ச் கம்பியால் இழுபடுவதல்ல. லிவரை அழுத்தினால் குழாய்க்குள் இருக்கும் திரவம் தள்ளி வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச்.

"மாமா, வாரம் ஒரு தடவை ஓட்டுங்க. சர்வீஸ்னா முனைக்கடை மெக்கானிக்கிட்ட மட்டும் விடுங்க. நீங்களா எதையும் தொடாதீங்க."

"ஹைட்ராலிக்ல எனக்கே பாடம் எடுக்கறியா மாப்ள?"

"ஐயோ, நீங்க பெரிய ஆளு மாமா. அதான் சொல்றேன்."

அந்தக் குடும்பத்தில் அவரைப் பெரிய ஆள் என்று நம்பிய ஒரே ஜீவன் அவன்தான்.

முனைக்கடையில் ஒரு சர்வீஸ் முடிந்த கொஞ்ச நாளில், கைப்பிடியருகே இருந்த சின்னக் கிண்ணத்தில் திரவம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதைக் கவனித்தார். எந்தத் திரவம் ஊற்ற வேண்டும் என்று மூடியிலேயே பொறித்திருந்தது. படித்தார். கம்பெனிக்காரன் பிழைக்க வேண்டாமா, பாவம் என்று நினைத்துக்கொண்டார். ஹைட்ராலிக் லிஃப்டுகளுக்கு ஊற்றும் எண்ணெய் வீட்டில் ஒரு பாட்டில் இருந்தது. அதுவும் ஹைட்ராலிக், இதுவும் ஹைட்ராலிக். ஆயிரம் பேரைத் தூக்கும் எண்ணெய் ஒரு கிளட்சைத் தூக்காதா? தொட்டார், தேய்த்தார், "ம்" என்றார், ஊற்றினார்.

கிளட்ச் சில வாரம் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டது. பிறகு ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்தியது, வண்டி நகர யோசித்தது. கடைசியில் அழுத்திய லிவர், ஓய்வு பெற்ற ஊழியரைப் போல, திரும்பி வர மறுத்துவிட்டது. மைத்துனன் அடுத்த வாரம் ஊருக்கு வருவதாகச் சேதி வந்தது அன்றைக்குத்தான்.

மெக்கானிக் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். கிண்ணத்தைத் திறந்ததும் பேச்சு நின்றது. உள்ளே ரப்பரெல்லாம் தண்ணீரில் ஊறிய பஞ்சுபோல் உப்பிக் கிடந்தது.

"என்ன சார் ஊத்துனீங்க?"

"நானா? போன சர்வீஸ்ல நீ ஊத்துனதுதான்."

யோசிக்காமல் வந்த வார்த்தை. யோசித்திருந்தால் இன்னும் அழகாகப் பொய் சொல்லியிருப்பார். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு அலமாரியிலிருந்த பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ரப்பர் கிட் மட்டும் மாத்தலாம் சார். ஆனா இந்த எண்ணெய் ஹோஸ்லயும் ஊறியிருக்கும். புது ரப்பரும் உப்பிக்கிச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், ஹோஸ், எல்லாத்தையும் செட்டோட மாத்திட்டா நிம்மதி."

இன்ஸ்பெக்டருக்கு இரவெல்லாம் இதே ஆராய்ச்சி. ரப்பரை மட்டும் மாற்றினால் வெளியே தெரியாது. ஆனால் மைத்துனன் கையில் மறுபடி மக்கர் பண்ணினால் குட்டு உடையும். முழு செட்டையும் மாற்றினால் வண்டி ஓடும். ஆனால் பழைய வண்டியில் புது சிலிண்டர் தங்கப்பல் மாதிரி பளிச்சென்று பல்லிளிக்கும். வண்டிக்கு எது நல்லது என்ற கேள்வி மட்டும் ஆராய்ச்சியில் வரவில்லை.

"ரப்பரே போதும்னு பாக்கறேன்," என்றார் காலையில்.

"ஆபீஸ்ல மட்டும் மாற்றவும், மாற்றவும்னு எழுதறீங்க?" என்றார் மனைவி.

"அது மனுஷங்க உயிர்டி."

"இதுல போறது யாரு? மூட்டையா? என் தம்பிதாங்க."

முழு செட்டும் மாற்றப்பட்டது. அன்று மாலை மனைவி வாசலுக்கு வந்தபோது, இன்ஸ்பெக்டர் புது சிலிண்டரை உப்புக் காகிதத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் சேறு, ஷூ பாலிஷ், பழைய பல்துலக்கி.

"என்னங்க இது?"

"வயசாக்கறேன்."

"உங்க மூளையையும் கொஞ்சம் வயசாக்கிக்கங்க," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனார்.

மைத்துனன் வந்தான். பையை இறக்குவதற்கு முன்பே வண்டியைச் சுற்றி வந்தான். கைப்பிடியருகே நின்றான். நகத்தால் சுரண்டினான்.

"மாமா, வண்டி முழுக்கத் தூசி. இது ஒண்ணுக்கு மட்டும் ஏன் மாமா மேக்கப் போட்டிருக்கு?"

மனைவி கதவோரம் கைகட்டி நின்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. எண்ணெய் பாட்டில்கூட எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மைத்துனன் கண்ணில் அந்தப் பழைய மரியாதை இன்னும் இருந்தது. காரியத்தைக் கெடுத்தது அதுதான்.

"உன் மெக்கானிக் தப்பான ஆயில ஊத்திட்டான் மாப்ள. எல்லாம் உப்பிப்போச்சு. நீ வருத்தப்படுவியேன்னு நானே புதுசா மாத்தி, தெரியாத மாதிரி பண்ணி வச்சேன்."

மைத்துனன் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா மாமா இவ்வளவும்?"

கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலே இன்ஸ்பெக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். நெகிழ்ச்சியில் என்று மைத்துனன் நினைத்தான்.

அவன் வண்டியை வேறு கடைக்கு மாற்றினான். பெரிய பைக் வைத்திருந்த தன் சிநேகிதர்களுக்கும் சொன்னான். நல்லெண்ணம்தான். முனைக்கடையில் பெரிய வண்டிகள் நிற்பது குறைந்து, பிறகு நின்றே போனது. மெக்கானிக் சண்டைக்கு வந்திருந்தால் இன்ஸ்பெக்டருக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. தன் கைதான் தவறியிருக்குமோ என்று மெக்கானிக்கே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

"போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க," என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டரும் ஒவ்வொரு தடவையும் போகிறார். போன வாரமும் தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனார். தொண்டையைச் செருமினார்.

"என்ன சார், பிரேக்கா?" மெக்கானிக் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு புது பிரேக் ஆயில் பாட்டிலை எடுத்து, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். இப்போதெல்லாம் யார் வந்தாலும் அப்படித்தான். "சீல் உடைக்கல சார். பேரும் நீங்களே படிச்சுப் பாத்துக்கங்க. அப்புறம் ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல."

இன்ஸ்பெக்டர் பாட்டிலை வாங்கினார். ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"சரியா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கேட்டார்: "சொன்னீங்களா?"

"கடையில கூட்டம். டயருக்குக் காத்து மட்டும் அடிச்சேன்."

கடையில் அவரைத் தவிர யாரும் இருக்கவில்லை.