சிவந்துபோன மஞ்சள் சவர்க்காரம்

ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கள் ஊரில் இரண்டு பொழுதுபோக்குகள்தான் உண்டு. ஒன்று கோயில் நிர்வாகசபை, மற்றது நோய் வருத்தம். இரண்டிலும் எனக்கு ஆர்வம் இல்லாததால் முகம் கழுவும் சவர்க்காரம் செய்யத் தொடங்கினேன்.

கொக்குவிலில் ரயில் பாதைக்கு அண்மையில், ஒருத்திக்குத் தேவையில்லாத அளவு பெரிய வளவு ஒன்றில் இருக்கிறேன். வேலை செய்த காலத்தில் தினமும் கரவெட்டிக்கு பஸ்ஸில் போய்வந்தேன். அங்கே மேலதிக மாவட்டப் பதிவாளராக இருந்து மற்றவர்களின் பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் பதிந்தேன். திருமணத்தைப் பதிவதற்கு இரண்டு சாட்சிகள் எங்கே கையெழுத்திட வேண்டும், எந்தச் சொல்லை வெட்டினால் ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் இன்றும் நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். என்னுடைய திருமணம் மட்டும் பதிவுக்கு வரவில்லை. அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதால் அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

சவர்க்காரம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அது விதிக்குக் கட்டுப்படுவது. எண்ணெயின் நிறைக்குத் தக்க கோஸ்டிக் சோடா வேண்டும். சோடாவைத்தான் தண்ணீருக்குள் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவுக்குள் ஊற்றக் கூடாது. கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கரைசல் ஆறியதும் தேங்காயெண்ணெயில் விட்டுக் கூழ்ப்பதம் வரும்வரை துழாவி, அச்சில் வார்த்து, மறுநாள் வெட்டி, காரம் அடங்கும்வரை வாரக்கணக்கில் காற்றாட வைத்தால் சவர்க்காரம். மனிதர்களைக் கையாள்வதற்கு இவ்வளவு தெளிவான அறிவுறுத்தலை நான் எங்கும் வாசித்ததில்லை.

நிறம்தான் கீழ்ப்படிய மறுத்தது. கடைச் சாயம் போடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். செவ்வரத்தம்பூவை அரைத்துப் போட்டேன். குளத்துச் சேற்றின் நிறத்தில் வந்தது. நீலக் காக்கணவன் பூ சாம்பலாகிப் போனது. முருங்கையிலைத் தூள் சில நாட்கள் பச்சையாக நின்று நம்பிக்கை தந்துவிட்டு வைக்கோல் நிறத்துக்கு மாறியது. சிரட்டைக்கரி மட்டும் போட்டபடி கறுப்பாகவே இருந்தது. ஆனால் கறுப்புச் சவர்க்காரத்தால் முகம் கழுவ ஆட்கள் தயங்குவார்கள். நானே தயங்கினேன்.

நான் வேலையில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு சிறு பிள்ளை இருந்தாள். இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள மதிலில் ஒரு சிறிய படலை உண்டு. பின்னேரம் நான் வேலையால் வந்ததும், தன் தாய் வரும்வரை அந்தப் படலையால் வந்து என் மேசையில் இருந்து படிப்பாள். ஒருமுறை சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் பாலறுகுச் சடங்கைப் பார்த்துவிட்டு வந்து அதே கதையாக இருந்தாள். கலியாண நாள் காலையில் மணப்பெண்ணைப் பலகையில் இருத்தி, பெரியவர்கள் பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவள் தலையில் வைப்பார்கள். அதன் பிறகுதான் தோயவார்ப்பது, தலைக்குத் தண்ணீர் வார்த்துக் குளிப்பாட்டுவது.

"எனக்கு நீங்கள்தான் முதல் வைக்கோணும், அன்ரி."

"முதல் தாய்மாமன், பிள்ளை. பிறகு மற்றவை, புருசன் பெண்சாதியாச் சோடி சோடியா. சோடிக் கணக்கும் ஒற்றை விழவேணும்." எனக்கு நடைமுறை பிழைக்கக் கூடாது.

"அப்ப நீங்கள் கடைசியா வையுங்கோ."

சிறு பிள்ளை சொன்னது. அவள் அன்றே மறந்திருப்பாள். மறதி என்பது எனக்குப் பயிற்சி இல்லாத துறை.

அவள் வளர்ந்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, அவளுக்கு நெல்லியடி மாப்பிள்ளை ஒருவர் பொருந்தி, நாளும் வைத்தார்கள். அடுத்த நாளே படலையால் வந்தாள். "கலியாணத்துக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற பையுக்கை உங்கடை சவர்க்காரம்தான் வைக்கப்போறன், அன்ரி. மஞ்சள் நிறத்திலை வேணும். ஆனால் சாயம் வேண்டாம்."

"மஞ்சளைப் போட்டால் மஞ்சளா வரும்," என்றேன். ஆதாரம் பார்க்காமல் ஒரு பதிவாளர் சொல்லக் கூடாத வசனம்.

நல்ல விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து இடித்து அரித்து வைத்துக்கொண்டேன். எண்ணெயில் கலந்தபோது கண்ணைப் பறிக்கும் மஞ்சள். கரைசலை ஊற்றித் துழாவினேன். என் கண்முன்னாலேயே அது சிவந்தது. அச்சிலிருந்து எடுத்து வெட்டியபோது கிடைத்தவை சவர்க்காரக் கட்டிகள் என்று நான் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தாயும் மகளும் பார்க்க வந்தார்கள். தாய் ஒன்றைத் தூக்கி, நிறை பார்ப்பவள்போலக் கையில் வைத்திருந்தாள்.

"என்னக்கா இது? கலியாணத்துக்கு வந்த சனத்துக்குச் செங்கல்லே குடுத்துவிடுறது?"

"பேசாமல் இருங்கோம்மா," என்றாள் மகள். "எல்லாரும் சேர்ந்தால் ஒரு மதில் கட்டலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு மதில் இல்லையெண்டு நீங்கள்தானே குறை சொன்னனீங்கள்."

"வாயைப் பார் இவளின்ரை."

திருமண மண்டபங்களில் பதிவு மேசைக்குப் பின்னால் இருந்து நான் பார்த்த ஆராத்திகளுக்குக் கணக்கில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் தண்ணீர் சிவக்கும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். கோஸ்டிக் சோடா சுண்ணாம்பின் முரட்டு அண்ணன் என்பதுதான் எனக்கு அந்த நேரம் வராமல் போனது. கைநிறையப் பூக்களைக் காரத்தில் பறிகொடுத்த பிறகும் மஞ்சளை நம்பியிருக்கிறேன்.

"காரம் அடங்க நிறம் திரும்பும்," என்றேன்.

"எப்ப, அக்கா?"

"கலியாணத்துக்கு முன்னம்."

அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் நிச்சயமாகத் தெரியாததை நிச்சயமான குரலில் சொல்வது அரசாங்க சேவையில் முதலில் பழகுவது.

கட்டிகளைச் சுளகுகளில் பரப்பி, மதில் பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொன்றாகப் புரட்டி வைப்பேன். வீட்டில் எனக்காகக் காத்திருக்கும் ஏதோ ஒன்று இருப்பதுபோல இருந்தது. செங்கல் நிறம் மெல்ல வெளிறிப் பழுத்த பாக்கின் நிறத்துக்கு வந்து, அங்கேயே பிடிவாதமாக நின்றது.

ஒருநாள் அப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அப்பால் தாயும் மகளும் கதைப்பது கேட்டது. பாலறுகு வைக்க ஏழு சோடி பேசியிருந்தார்கள். அதில் சின்னம்மாவின் கணவர் பக்கத்தில் செத்த வீடு நடந்து அந்தச் சோடிக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. இனி அவர்கள் வர முடியாது. ஆறு என்பது இரட்டை.

"அப்ப அன்ரியைக் கேட்பம்," என்றாள் மகள்.

கையில் இருந்த கட்டியை நான் கீழே வைக்கவில்லை.

"உனக்கென்ன விசரே? அக்கா தனியாள். சோடியாத்தான் வைக்கிறது."

"தனியாள் வைச்சால் என்ன, பால் திரைஞ்சு போகுமே?"

"என்னோடை வாய் காட்டாதை. ஐயரிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பம்."

ஐயரிடம் கேட்பது என்பது கோப்பை மேலிடத்துக்கு அனுப்புவது போன்றது. அனுமதி இல்லை, மறுப்பும் இல்லை. அப்படிப் போன கோப்புகளில் சில திரும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன். அன்று பின்னேரம் அலுமாரியிலிருந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்து வெயில் தாழ்ந்த பக்கமாகக் கொடியில் போட்டேன். மடித்தே கிடந்தால் பட்டு வெடித்துவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை.

கலியாணம் நெருங்க நெருங்கச் சவர்க்காரம் என் சொல்லைக் காப்பாற்றியது. பாக்கு நிறம் மாம்பழ நிறமாகி, கடைசிக் கிழமை சுத்தமான மஞ்சளாக வந்து நின்றது. மகள் வந்து ஒன்றை மணந்து பார்த்து, என் கன்னத்திலும் மெல்லத் தேய்த்துச் சிரித்தாள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். சுளகுகளைத் தட்டி மூலையில் சாத்தினேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் தாய் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, உங்களிட்டை ஒரு உதவி கேக்க வந்தனான்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். "சொல்லும்."

"எங்கடை வளவெல்லாம் சீமெந்து. உங்கடை கிணத்தடியிலை நல்ல அறுகு நிக்குது. விடிய வந்து கொஞ்சம் பிடுங்கட்டே?"

என் வளவில் அறுகு செழித்திருப்பது உண்மைதான். அதை மிதிக்க ஆட்கள் இல்லை.

"பாலறுகுக்கு எத்தனை சோடி?" என்று கேட்டேன்.

"அஞ்சு. துடக்காலை ஆறாப் போச்செல்லே. பெரியத்தானுக்கும் மச்சாளுக்கும் ஒரு மாதிரிச் சொல்லி நிப்பாட்டிப் போட்டன். என்ன பாடுபட்டன் தெரியுமோ, அக்கா!"

இரட்டையை ஒற்றையாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் கழிக்கலாம். இரண்டிலும் விடை ஒற்றைதான், கணிதத்தில் பிழை சொல்ல முடியாது. ஐயரிடம் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

"நீர் ஏன் பிடுங்குவான்? நானே பிடுங்கி வைக்கிறன்," என்றேன்.

விடிந்ததும் கிணற்றடியில் குந்தியிருந்து நுனியுள்ள புற்களாகப் பார்த்துப் பிடுங்கினேன். கழுவி, பழுத்த இலைகளைக் கழித்து, வாழைநாரால் கட்டி, படலையில் வந்து நின்ற தாயிடம் கொடுத்தேன். அவள் அவசரமாகப் போனாள். உள்ளே வாங்கோ என்று சொல்ல மறந்தாளா, அல்லது மறக்காமல்தான் சொல்லாமல் போனாளா தெரியாது.

படலையை மூடிவிட்டு இந்தப் பக்கம் நின்றேன். மணப்பலகை இழுபடும் சத்தம் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், சோடி சோடியாக. ஐந்தாவது சோடியும் முடிந்தது.

"அன்ரி எங்கையம்மா?" என்ற குரல் கேட்டது.

"அக்கா மண்டபத்துக்கு வருவா. நீ எழும்பு, நேரமாகுது."

மணப்பலகை மறுபடி இழுபட்டது. பிறகு அவளுக்குத் தோயவார்க்கும் தண்ணீர் விழுந்தது.

வெயிலில் போட்டு எடுத்த அதே பட்டுச்சேலையுடன் நெல்லியடி மண்டபத்துக்குப் போனேன். தாலி கட்டியதைப் பார்த்தேன். பதிவு மேசையில் இருந்தவர் இரண்டாவது சாட்சியைப் பிழையான இடத்தில் கையெழுத்திட விட்டதையும் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, மாப்பிள்ளை பகுதிப் பெண் ஒருத்தி வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதுபோல எனக்கும் ஒரு பை தந்தாள்.

"கொண்டு போங்கோம்மா. உள்ளுக்கு ஒரு சவர்க்காரம் கிடக்கு, மஞ்சளிலை செய்தது. சாயமே இல்லை."

"அப்படியே? ஆர் செய்தது?"

"பொம்பிளை வீட்டுக்குப் பக்கத்திலை ஆரோ ஒரு ஆளாம்."

"நல்ல நிறம்," என்றேன்.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றிவிட்டுப் பையைத் திறந்தேன். ஒரு பலகாரப் பொட்டலம், ஒரு குங்குமச் சிமிழ், நான் செய்த சவர்க்காரம். அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அறுகு பிடுங்கிய இடம் சிறிய வழுக்கைபோல மண் தெரியக் கிடந்தது. ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கை கழுவினேன். நுரை வெள்ளையாக வந்தது. கையில் மஞ்சள் ஒட்டவில்லை.