குங்குமப் பொட்டலத்தில் நாலு மாத்திரை

எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், பிரித்துப் பார்த்த அஞ்சு நிமிஷத்தில் காரணம் சொல்லிவிடுவேன். லோ வோல்டேஜா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா, எலி ஒயரைக் கடித்ததா என்று. திண்டிவனத்தில் இருபது வருஷமாக மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆனால் போன வருஷம் என் மனைவியின் சிறுநீரகம் எப்படி நின்றது, எப்படி மறுபடி ஓடியது என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. அதில் என் கை எவ்வளவு என்பதும் தெரியாது.

அவளுக்கு ரெண்டு வருஷமாகப் படபடப்பு. திண்டிவனத்து டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்து, "ஒரு நாள்கூட விடக் கூடாது, பட்டுனு நிறுத்தினா ஆபத்து" என்று சொல்லியிருந்தார். அவள் மறந்துவிடுவாள் என்று தினமும் காலையில் நானே எடுத்துக் கொடுப்பேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆயும் நாட்களில் இடுப்பு வலிக்காக மருந்துக் கடையில் அவளாக ஏதோ வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வயிறு புண்ணாகியிருக்கிறது. ஒரு நாள் நடுப்பகலில், ஆய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே ரத்தமாக வாந்தி எடுத்தாள்.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். "வேற மாத்திரை எதுனா சாப்பிடுறாங்களா?" என்று அங்கே கேட்டார்கள். "ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். திறந்தால், "அப்ப அவருகிட்டயே போறதுதானே" என்று திட்டு விழும். எனக்கே ஒரு தடவை விழுந்திருக்கிறது. அதனால் பழைய சீட்டை வீட்டில் வைத்துவிட்டு, புதிதாகப் பிறந்தவர்கள் மாதிரி போய் நிற்போம். இது தப்பு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். "இவ்வளவு ரத்தம் போயிருக்கு, நாடி எகிறணுமே. ஏன் எகிறல?" என்று நர்ஸிடம் கேட்டார். அவருக்கே குழப்பம். அன்று காலை நான் கொடுத்த மாத்திரை அவள் உடம்பில் இருந்தது. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள். ஆனால் ரத்த ஓட்டம் குறைந்திருந்த நேரத்தில் சிறுநீரகம் அடி வாங்கிவிட்டது என்றார்கள். கட்டிலில் தொங்கிய மூத்திரப் பை காலியாகவே கிடந்தது.

வாய்க்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நானோ தினமும் காலையில் ஐ.சி.யூ.வுக்குள் ஐந்து நிமிஷம் என்னை விடும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து, யாரும் பார்க்காமல் அவள் கன்னத்துக்குள் செருகிவிட்டு வந்தேன். கொடுத்தால் என்ன ஆகுமோ என்று பயம். நிறுத்தினால் ஆபத்து என்று ஒருவர் சொன்னது அதைவிடப் பெரிய பயம். இரண்டாம் நாள், மூத்திரம் வராவிட்டால் டயாலிசிஸ்தான் என்று காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் அன்றைக்கும் கொடுத்தேன். ஆறு நாள், ஆறு மாத்திரை.

நாலாம் நாள் பையில் ஒரு விரல் அளவு மஞ்சள் தெரிந்தது. நான் அந்தப் பையைப் பார்த்துக் கும்பிட்டேன். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே கும்பிட்டேன். டயாலிசிஸ் இல்லாமலே தேறிவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன்பு, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்ன வயது டாக்டரம்மாவை வராந்தாவில் பிடித்தேன். அந்த மாத்திரையின் காலி அட்டையை நீட்டி, "எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இத சாப்பிட்டுக்கினு இருக்காருங்க. கிட்னிக்கு ரத்தம் போகாம நின்னுட்டா, இது கெடுக்குமா?" என்று கேட்டேன்.

"இது பீட்டா பிளாக்கர், நாடி எகிறாம அடக்கி வைக்கும். ரத்தம் நின்னு மறுபடி வரும்போது கிட்னிக்குச் சேதம் ஆகும். அந்தச் சேதத்த இந்த வகை மாத்திரை குறைக்குமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. எலிங்ககிட்ட நல்லாத் தெரியுது. மனுசங்களுக்கு இன்னும் உறுதியா சொல்ல முடியாது."

"அப்ப நல்லதுதானுங்களா?"

"பிரஷர் விழுந்து கிடக்கறவங்களுக்குக் குடுத்தா ஆளே போயிடலாம். உங்க சொந்தக்காரரு டாக்டரைக் கேக்காம எதுவும் பண்ண வேணாம்னு சொல்லுங்க."

காய்ந்து கிடந்த வாய்க்காலில் மோட்டாரைப் போட்டதும் வருகிற முதல் தண்ணீர் கரையை உடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பாதி புரிந்தது. மீதிப் பாதிதான் என்னைத் தின்றது. நான் காப்பாற்றினேனா, கொல்லப் பார்த்தேனா? ரெண்டுமா? பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பயத்தில் அந்த மாத்திரையை அடியோடு நிறுத்தினேன். ஒரு வாரத்தில் படபடப்பு திரும்ப வந்தது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். கடையில் ஒரு மோட்டாருக்குக் காயிலைத் தலைகீழாகக் கட்டித் திட்டு வாங்கினேன்.

பத்தாம் நாள் மறுபடி காட்டப் போனபோது அதே டாக்டரம்மா பக்கத்தில் இருக்க, அன்று நாடி பிடித்துப் பார்த்த பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திண்டிவனத்து டாக்டர், பொய், கன்னத்துக்குள் செருகியது, எல்லாம். திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன்.

அவர் திட்டவில்லை. "அதான் நாடி ஏறல" என்று மட்டும் சொன்னார். பிறகு, "மொத்தம் எத்தன குடுத்தீங்க?" என்றார்.

"ஆறுங்க."

"ரெண்டு" என்றாள் என் மனைவி.

பையைத் திறந்து, மேல்மலையனூர் கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது. ஆஸ்பத்திரியில் அவள் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. குங்குமத்துக்குள் நாலு மாத்திரை, ஓரம் கரைந்து, சிவப்பு ஒட்டி.

"எதையும் முழுங்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. இவரு பாட்டுக்குச் செருகிக்கினு இருந்தாரு. சொன்னா இன்னும் பயந்துடுவாரு. அதான் இவரு வெளிய போனதும் துப்பிட்டேன்."

டாக்டர் அந்த நாலையும் பேனா முனையால் புரட்டிப் பார்த்தார். கரைந்த ஓரத்தையும் சேர்த்தால் உள்ளே போனது ரெண்டா, ரெண்டேமுக்காலா என்று அவருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மாதான் கேட்டார்: "அந்த ரெண்ட மட்டும் ஏன் முழுங்குனீங்க?"

"டயாலிசிஸ்னு சொன்ன அன்னிக்கும் மறுநாளும் அழுதுக்கினே குடுத்தாரு மேடம். அத எப்படித் துப்பறது?"

பெரிய டாக்டர் அதே மாத்திரையைப் பாதி அளவில் எழுதிக் கொடுத்தார். அந்த ரெண்டால் நல்லது நடந்ததா, கெட்டது நடக்க இருந்து தப்பித்தோமா என்று கேட்டேன். "தெரியாதுப்பா" என்றார். அப்படி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போதும் காலையில் நான்தான் கொடுக்கிறேன். கொடுத்ததும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அவள் நாக்கை நீட்டிக் காட்டுகிறாள். அதற்கு முன்னால், நான் அழுகிறேனா என்று ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.