பாம்புத் தலைக்குள் ஒரு சிவப்புக் கயிறு

பயந்து பயந்தே நாற்பத்தெட்டு வயதை எட்டியவள் குய்ஜென். பெய்ஜிங்குக்கு வெளியே ஒரு வார்ப்புப் பட்டறையில் அவளுக்கு மெழுகு வேலை. உருகிய வெண்கலத்தை ஊற்றுவது அவள் புருஷன் சாங்கெங். அவன் உலைக்குப் போகும் நாளெல்லாம் கூடத்து வாசல்வரை பின்னாலேயே போய் 'பாத்து, பாத்து' என்பாள். அவனோ அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான்.

அந்த வருடம் பயம் இரண்டு மடங்கு. சீனக் கணக்கில் வருடத்துக்கு ஒரு விலங்கு, பன்னிரண்டும் சுற்றிச் சுற்றி வரும். இருவருமே பாம்பு வருடத்தில் பிறந்தவர்கள்; பாம்பு வருடமே திரும்பி வந்திருந்தது. பிறந்த வருடம் சுற்றி வந்தால் ஆபத்தும் கூடவே வருமாம். புத்தாண்டன்றே அவன் இடுப்பில் காப்பாகச் சிவப்பு நைலான் கயிறு கட்டிவிட்டாள்.

போதாக்குறைக்கு, பட்டறைக்கு வந்த வேலையும் பாம்பு. அந்நியப் படைகள் அரண்மனைத் தோட்டத்தைக் கொளுத்திக் கொள்ளையடித்தபோது பறிபோன, அந்தப் பன்னிரண்டு விலங்குகளின் வெண்கலத் தலைகளைச் சிற்பி ஒருவர் பிரம்மாண்டமாக மறுபடி செய்துகொண்டிருந்தார், வெளிநாட்டுச் சதுக்கங்களில் நிறுத்துவதற்கு. பழைய தலைகளில் சில கிடைத்துவிட்டன. பாம்பு கிடைக்கவே இல்லை. அதன் முகம் எப்படியிருந்தது என்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. சிற்பி கொடுத்த முகத்தை மெழுகில் தேய்க்கும்போது குய்ஜென் அதன் கண்ணைப் பார்க்கவே மாட்டாள்.

உலைப்பக்கம் நைலான் கூடாதென்று மேஸ்திரி கோவ் சத்தம் போட்டதும், சாங்கெங் கயிற்றைக் கழற்றி அவள் மேசையில் போட்டான்.

"இதோட போனா மேஸ்திரி என்னையே உருக்கிடுவான். நீயே வெச்சுக்க."

வெறும் இடுப்போடு அந்தப் பாம்பின் முன் நிற்கப்போகிறானே என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. யாரும் பார்க்காத நேரத்தில், மெழுகுத் தலையின் உள்பக்கம், உச்சியில், கயிற்றை முடிச்சோடு ஒட்டிவைத்தாள். பிறகு மெழுகின் உள்ளும் புறமும் மண் பூசினார்கள். சூளையில் வைத்ததும் மெழுகு உருகி ஓடி, வெறும் மண் ஓடு மிஞ்சியது.

ஊற்றும் நாளன்று மதியச் சாப்பாட்டில், கோவ் தன் குருட்டுக் கண்ணின் கதையை எடுத்தான்.

"ஓட்டுக்குள்ள சரியா எரியாத நைலான் துணுக்கு. அம்புட்டுதான். வெண்கலம் அதுமேல பட்டு மூஞ்சிக்கே எகிறிடுச்சு."

குய்ஜென் ரொட்டியைக் கீழே வைத்தாள். சொன்னால் மண் ஓட்டை உடைப்பார்கள், மாதக்கணக்கான வேலை பாழ். சொல்லாவிட்டால் சாங்கெங்கின் கண். எழுந்து உலைக்கூடத்துக்கு ஓடினாள். சிவக்கச் சிவக்க ஓட்டை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"ஏங்க, ஊத்தாதீங்க! உள்ள கயிறு இருக்கு!"

"என்ன கயிறு?"

"உங்க கயிறுதான்... உங்களைக் காப்பாத்தும்னு..."

பின்னாலேயே வந்த கோவ் வாய்க்கு வந்தபடி திட்டினான். "ஓடு ஆறினா வெடிச்சிடும், ஊத்துறதுன்னா இப்பவே ஊத்தணும். என்னடா சொல்ற?"

சாங்கெங் அவளைப் பார்த்தான். "எரிஞ்சுதான் போயிருக்கும்" என்றான். குரலில் தெம்பே இல்லை. "நீ வெளிய போடி."

அவள் போகவில்லை. அவன் முகக்கவசத்தை இறக்கினான். வெண்கலம் இறங்கியது. ஒரு முறை உள்ளே குமுறியது. அவளுக்கு உயிரே போய்விட்டது. பிறகு அடங்கிவிட்டது.

ஓட்டை உடைத்தபோது, கயிறு எரிந்துபோன இடத்தில் வெண்கலம் புகுந்து, உச்சியில் கயிறு வெண்கலமாக நின்றது, முடிச்சோடு. "தேய்ச்சு எடு" என்றான் கோவ். சாங்கெங் தேய்ப்பு இயந்திரத்தோடு உள்ளே புகுந்து வெகுநேரம் பொறி பறக்கவிட்டான்.

பெட்டியில் அடைக்கும் நாளில் குய்ஜென் பாம்பின் கழுத்து வழியாகத் தோள்வரை உள்ளே நுழைந்து உச்சியைத் துழாவினாள். முடிச்சு விரலில் தட்டியது.

"பக்கத்துல தேய்ச்சேன்" என்று கிசுகிசுத்தான் சாங்கெங். "மேஸ்திரிக்கு ஒரு கண்ணுதானே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க கயிறு கடல் தாண்டிப் போகுதே. முன்ன போன பாம்பே இன்னும் திரும்பல."

கிண்டலுக்காகக் காத்திருந்தாள். அவனோ, ஆணி அடித்து முடிக்கும்வரை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டையைத் தூக்கினான்.

"வேற கயிறு வெச்சிருக்கியா? இப்பவே கட்டு."

அவள் பையிலிருந்து இன்னொரு சிவப்புக் கயிற்றை எடுத்தாள். "இரட்டை முடிச்சாப் போடு" என்றான்.