கம்பெனி பஸ்ஸுக்கு அடிக்கிற ஃபயர் பெல்

பழைய கட்டடத்துல கரண்ட்டு, தண்ணி, டிரெய்னேஜ், லிஃப்ட்டு, ஃபயர் அலாரம் எல்லாம் எந்த லட்சணத்துல இருக்குன்னு பாத்துச் சொல்றதுதான் என் தொழில். ஆனா கூப்பிடுறவங்க யாருக்கும் லட்சணம் தெரிய வேண்டாம், நல்ல பேரு மட்டும் போதும்.

கழுத்துல டார்ச்சு, தலையில ஒட்டடை, கையில மீட்டருன்னு என்ன மாதிரியே மாடி மாடியா அலையுற சக பாவிங்களே, இது உங்களுக்குத்தான். ஒரகடத்துல ஒரு சைட்ல ஏசி மெஷின் ஆறட்டும்னு உக்காந்திருக்கேன், அந்த கேப்புல டைப் பண்றேன். எழுத்து எங்கயாவது பிசகுனா கோவத்துல விரல் வழுக்கிடுச்சுன்னு வச்சுக்கங்க. ஏன்னா நான் சொல்லப்போற கட்டடம் அப்படி.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பழைய பில்டிங். கீழ பிரியாணி கடை, மெடிக்கல், மொபைல் கடை. முதல் மாடியில ஒரு பல் டாக்டர், பக்கத்துலயே கல்யாணச் சாப்பாட்டு ஹால். ரெண்டாவது மாடி கல்யாண மண்டபம். அதுக்கு மேல ரெண்டு மாடியும் ஆம்பளப் பசங்க ஹாஸ்டல். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துலேர்ந்து வந்து இருங்காட்டுக்கோட்டையிலயும் ஒரகடத்துலயும் ஷிப்ட்டு பாக்குற பசங்க. ஒரு கம்பெனி தன்னோட டிரெய்னிங் பசங்களுக்காக அந்த ரெண்டு மாடியையும் லீசுக்கு எடுக்கப் பாத்துச்சு. எடுக்கறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்லுங்கன்னு எங்க ஆபீஸ்ல கேட்டாங்க. நல்லாருந்தா பச்சை, ரிப்பேர்னா மஞ்சள், ஆளே தங்கக்கூடாதுன்னா சிவப்பு. அவ்ளோதான் எங்க மார்க்கு. எனக்கு இருந்தது ஒரே கேள்வி: ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, மேல தூங்குற பசங்க உயிரோட கீழ வந்து சேருவாங்களா?

செருப்ப கழட்டுங்க

என் கூட வந்தவரு டேவிட் அண்ணன். மணிமங்கலத்துக்காரரு, எங்க டீமோட எலக்ட்ரீஷியன். ரெண்டு பேரும் முதல்ல கரண்ட் ரூமுக்குப் போனோம். வாசல்லயே மறிச்சாரு பில்டிங் மேனேஜர் ஏழுமலை. "மேடம், செருப்ப வெளிய வுடுங்க, உள்ள சாமி கீது." கரண்ட் பேனல் முன்னாடி ரப்பர் மேட் போட்டு, ஷூ போட்டுத்தான் நிக்கணும். இங்க வெறுங்கால்ல நிக்கணுமாம்! ரப்பர் மேட் எங்கன்னு கேட்டா, அது மண்டபத்து வாசப்படியில வழுக்காம இருக்கட்டும்னு போட்டிருக்காங்களாம்.

நாங்க ஷூவ கழட்டல. எட்டிப் பாத்தா, பேனல் பூரா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்புன சந்தனம் குங்குமம். கரண்ட் வருதா இல்லையான்னு காட்டுற சின்ன லைட்டு மூணும் சந்தனத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கு. டேவிட் அண்ணன் நகத்தால சுரண்டுனாரு. ஒண்ணுதான் எரியுது. மேல கேபிள் போற ஓட்டைக்குக் கீழயே ஒரு அகல் விளக்கு, பக்கத்துல பிரியாணி கடை வெங்காய மூட்டை. எனக்கு காது சூடாயிடுச்சு. "அண்ணே, யாருக்காவது ஷாக் அடிச்சா என்ன பண்ணுவீங்க?"ன்னு கத்திட்டேன். ஏழுமலை அசரவே இல்ல.

"சாமி முன்னாடி நிக்கிறவனுக்கு ஷாக்கு அடிக்குமா மேடம்? அடிச்சா அவன் மேல ஏதோ தப்பு கீதுன்னு அர்த்தம்."

நெருப்புக்குன்னு வச்ச தண்ணி

மொட்டை மாடியில சிவப்பு பெயிண்ட் அடிச்ச டேங்க் ஒண்ணு. தீ பிடிச்சா அணைக்க மட்டும்தான் அந்தத் தண்ணி, வேற எதுக்கும் தொடக்கூடாது. கீழ வந்து ஃபயர் பைப்ப திறந்தேன். காத்து வந்துச்சு. காத்து மட்டும்தான் வந்துச்சு! டேங்க்லேர்ந்து கிளம்புற பைப்ப புடிச்சுக்கிட்டே மாடி மாடியா இறங்குனா, அது நேரா போய் நிக்குது பிரியாணி கடை அரிசி கழுவுற தொட்டியில. சுவத்துல தொங்க வேண்டிய ஃபயர் ஹோஸும் அங்கதான் சுருண்டு கிடக்கு, அண்டா கழுவ. ஃபயர் தண்ணியில எப்படி அரிசி கழுவலாம்னு நான் குதிக்க, மாஸ்டர் கரண்டிய கீழ வைக்காமலே பதில் சொன்னாரு.

"நெருப்புக்குன்னு வச்ச தண்ணிதானே தங்கச்சி, என் அடுப்புல எரியறது மட்டும் இன்னா ஐஸா?"

விடாம அடிச்சா என்ன அர்த்தம்?

சரி, பெல்லாவது அடிக்குதான்னு பாப்போம்னு ஹாஸ்டலுக்குப் போனேன். பகல்லதான். ஆனா இந்த ஏரியாவுல பகல், ராத்திரின்னு எதுவும் கிடையாது, உங்களுக்கே தெரியும். நைட் ஷிப்ட்டு முடிச்ச பசங்க ஜன்னல்ல போர்வைய கட்டி இருட்டாக்கிட்டு தூங்குறாங்க. அவங்களுக்குச் சொல்லிட்டு அடிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பெல் தானா அடிச்சுது! காது கிழியுற சத்தம். நான் பதறிப்போய் படிக்கட்டு பக்கம் ஓடுறேன், ஒருத்தன் கூட எந்திரிக்கல. ஒரே ஒரு காலு மட்டும் போர்வைக்குள்ள இன்னும் கொஞ்சம் இழுத்துக்குச்சு.

முழிச்சிருந்தது முத்துராஜ் ஒருத்தர்தான். கோவில்பட்டிக்காரரு, வெல்டிங் லைன்ல வேலை. பிரஷ்ஷ வாயில வச்சுக்கிட்டே விளக்குனாரு. கம்பெனி பஸ் வந்து நின்னா, கீழ வாட்ச்மேன் ஃபயர் பெல்ல அமுக்கிடுவாராம். ஒரு தடவ அடிச்சா கார் கம்பெனி பஸ். ரெண்டு தடவ அடிச்சா கண்ணாடி கம்பெனி பஸ். நம்ம ஷிப்ட்டு இல்லேன்னா திரும்பிப் படுத்துக்க வேண்டியதுதான். "விடாம அடிச்சா?"ன்னு கேட்டேன். அவரு வாய கொப்பளிச்சுட்டு வந்து நிதானமா சொன்னாரு.

"விடாம அடிச்சா வாட்ச்மேன் கோவமா இருக்காருன்னு அர்த்தம் மேடம், பஸ்ஸு கெளம்பப் போகுதுல்லா."

முகூர்த்த நாள் பூட்டு

ரெண்டாவது மாடியிலேர்ந்து ஹாஸ்டலுக்கு ஏறுற படிக்கட்டுல ஒரு இரும்பு கிரில் கேட்டு. அதுல கை அளவுக்கு ஒரு பூட்டு தொங்குச்சு. எதுக்குன்னு கேட்டேன். மண்டபத்துல விசேஷம்னா ஏழுமலை இத பூட்டிடுவாராம், மணமக்கள் கிளம்புற வரைக்கும். நடுவுல பஸ்ஸுக்குப் போறவங்களுக்கு மட்டும் திறந்து விடுவாராம். ஏன்னா ஒரு தடவ நைட் ஷிப்ட்டு முடிச்சு மேல தூங்கி எந்திரிச்ச ஒருத்தன் பசி தாங்காம எறங்கி வந்து நேரா பந்தியில உக்காந்துட்டானாம். மொய் எழுதிட்டுத்தான் உக்காந்தானாம், அது வேற! சரி, பின்னாடி படிக்கட்டு வழியா எறங்கலாமேன்னு போய் பாத்தா, மண்டபத்து பிளாஸ்டிக் சேர் மேல சேரா கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கு. அடியில பிரியாணி கடை கேஸ் சிலிண்டர். படி எங்கன்னே தெரியல.

யோசிச்சுப் பாருங்க மக்களே. முன்னாடி பூட்டு, பின்னாடி சிலிண்டர், நடுவுல தூங்குற மனுசங்க! இத இன்னைக்கே எடுத்தாகணும்னு ஏழுமலைகிட்ட கையெடுத்துக் கும்பிடாத குறையா சொன்னேன். அவருக்கு நெஜமாவே என் கஷ்டம் புரியல.

"பொண்ணு வூட்டுக்காரங்க எதிர்ல இவனுங்க லுங்கியோட எறங்கி வந்தா, இது மண்டபமா இல்ல கம்பெனி கேன்டீனான்னு கேக்க மாட்டாங்களா மேடம்?"

புகை

எல்லா லோடும் ஒண்ணா ஓடும்போதுதான் கேபிள் எவ்ளோ தாங்குதுன்னு தெரியும். அதனால ஒரு முகூர்த்த நாள் காலையில மறுபடி போனோம். மண்டபத்துல ஏசி, வாசல் பூரா சீரியல் லைட்டு, பிரியாணி கடை பெரிய ஃபேனு, மேல தூங்குற பசங்க ரூம் ஏசி. டேவிட் அண்ணன் மீட்டர மாட்டிட்டு என்ன பாத்தாரு. அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுது, கேபிள் தாங்காது. ரெண்டாவது நிமிஷமே மூக்குல ஏறுச்சு, ரப்பர் எரியுற வாசனை. பேனலுக்கு மேல கேபிள் ஜாயிண்ட்டு கருகி புகை கிளம்பிடுச்சு. அந்த ஓட்டை நேரா ஹாஸ்டல் வரைக்கும் போகுது, நடுவுல எந்த மாடியிலயும் அடைக்கல. புகை வெளிய வரல, மேல போகுது! அண்ணன் மெயின இழுத்து இறக்குனாரு. பேட்டரியில ஓடுற ஃபயர் பெல்ல அமுக்குன கைய நான் எடுக்கவே இல்ல. அப்பதான் உறைச்சுது, நான் விடாம அடிச்சுக்கிட்டு இருக்கேன். மேல இருக்கவங்களுக்கு வாட்ச்மேன் கோவமா இருக்காரு, அவ்ளோதான்.

படியேறி ஓடுனேன். மண்டபத்துல லைட்டு இல்ல, மைக்கு இல்ல, ஆனா நாதஸ்வரத்துக்கு கரண்ட்டு எதுக்கு? அது பாட்டுக்கு நடக்குது. கிரில் பூட்டியிருக்கு. உள்ள ஏழெட்டு பேரு யூனிபார்மோட, ஐடி கார்டோட, பஸ்ஸுக்கு லேட்டாயிடுச்சுன்னு நிக்கிறாங்க! அவங்க தலைக்கு மேல கூரையில புகை தவழுது, ஒருத்தரும் அண்ணாந்து பாக்கல. "பஸ்ஸு இல்ல, தீ! எல்லாரையும் எழுப்புங்க!"ன்னு கம்பிய புடிச்சுக்கிட்டு கத்துனேன். முத்துராஜ்தான் முதல்ல திரும்பி ஓடுனாரு. "ஏலே எந்திரி! எந்திரில, புகைடா!"ன்னு ஒவ்வொரு கட்டிலா உலுக்குற சத்தம் கேக்குது. சாவி எங்க? ஏழுமலை இடுப்புல. ஏழுமலை எங்க? கீழ பந்தி விசாரிச்சுக்கிட்டு இருக்காரு. யாரோ இழுத்துட்டு வந்தாங்க. கொத்துல ஒவ்வொரு சாவியா போட்டுப் பாக்குறாரு. உள்ள இருமல் சத்தம். கடைசியா ஒருத்தன முத்துராஜ் தோள்ல போட்டு தூக்கிட்டு வராரு, காதுல பஞ்சு வச்சு தூங்குனவன். பூட்டு திறந்துச்சு. திறந்த கதவ ஒரு கையால மறிச்சுக்கிட்டு ஏழுமலை சொன்னாரு பாருங்க, சத்தியமா இது அவரோட வார்த்தை:

"டேய், லுங்கியோட வராதீங்கடா, ஆளுக்கொரு பேண்ட போட்டுகினு வாங்க!"

டேவிட் அண்ணன் அந்தக் கைய தட்டிவிட்டாரு. எல்லாரும் வந்துட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நான்தான் படியில உக்காந்து அழுதேன், புகைன்னு சொல்லி சமாளிச்சேன்.

ஒரு பச்சையாவது போடு பாப்பா

மறுநாள் பில்டிங் ஓனர் எங்க ஆபீஸுக்கே வந்துட்டாரு, கல்யாண வீட்டு லட்டு டப்பாவோட. கரண்ட்டுக்கு சிவப்பு, ஃபயர் தண்ணிக்கு சிவப்பு, ரெண்டு படிக்கட்டுக்கும் சிவப்பு. எல்லாத்தையும் மஞ்சளா மாத்தணுமாம், கம்பெனி லீசு கைநழுவிப் போயிடுமாம். மாத்த முடியாதுன்னேன். எங்க மேலாளரு லட்டையும் என்னையும் மாறி மாறி பாத்துட்டு, "பொண்ணு சொல்றது சரிதான் சார்"னு டப்பாவ தள்ளி வச்சாரு. (இருங்க, ஏசி மெஷின் கிட்ட கூப்பிடுறாங்க. வந்துட்டேன்.) ஓனர் ரொம்ப நியாயமான ஆளு மாதிரி குரல இறக்கி ஆரம்பிச்சாரு.

"அன்னைக்கு பெல்லு எவ்ளோ நல்லா அடிச்சுது, அதுக்காவது ஒரு பச்சை போடு பாப்பா."

காணாமப் போனது

ரிப்போர்ட் சிவப்பாவே போச்சு. ஃபயர் ஆபீஸுக்கும் ஒரு காப்பி போச்சு. கம்பெனி லீசு வேண்டாம்னு ஒதுங்கிடுச்சு. டிரெய்னிங் பசங்க தப்பிச்சாங்க, நல்லது. ஆனா ஏற்கனவே இருக்கவங்க? அவங்க அங்கயேதான் இருக்காங்க, அந்த வாடகைக்கு வேற எங்க போவாங்க? ஏழுமலை புதுப் பூட்டு வேற வாங்கிட்டாரு, பெருசா. அடுத்த முகூர்த்தம் நெருங்குது. ஃபயர் ஆபீஸுக்கு போன் மேல போன் போட்டேன், வராங்க வராங்கன்னாங்க.

ஹாஸ்டல் பசங்க காத்திருக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை முத்துராஜும் கூட வெல்டிங் லைன் பசங்களும் எங்கயோ கட்டிங் மெஷின் வாங்கிட்டு வந்து, கிரில்ல கீல் கீலா அறுத்து, பிசிறு கூட இல்லாம தேய்ச்சு, எடுத்துட்டாங்க. சுவத்துல கீறல் கிடையாது. கேட்ட பத்திரமா மொட்டை மாடியில சாத்தி வச்சிட்டு, அதே வேகத்துல பின் படிக்கட்டு சேரையும் மண்டபத்துக்குள்ளயே அடுக்கிட்டு, சிலிண்டர கடைக்காரர் வாசல்ல இறக்கிட்டுத் தூங்கப் போயிட்டாங்க. திங்கட்கிழமை காலையிலயே எனக்கு ஓனர் போன். மனுசன் மூச்சு வாங்குறாரு.

"ஏம்மா, பில்டிங்ல என்ன குறைன்னு எழுதுறதுதானே உன் வேலை, கிரில் கேட்டு இல்லன்னு எழுதும்மா மொதல்ல!"

ஆகமொத்தம் மக்களே, அந்தக் கட்டடத்துல என்னென்ன கெட்டுக் கிடக்குன்னு நான் பக்கம் பக்கமா எழுதுனப்ப யாருக்கும் கோவம் வரல, ஒண்ணே ஒண்ணு சரியானதும்தான் எல்லாருக்கும் பொத்துக்கிட்டு வந்துச்சு.