ஆயில் குடித்த வண்டி

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் கண்ணில் ரத்தக்கசிவு வந்து, இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன வருஷம்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. உத்திரமேரூரில் அப்போது ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு போனால், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சாலவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. டவுன் பஸ் படியில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போவதற்கு, நாலு பேர் வாயைப் பிளந்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

வண்டி பழசு. இவரும் இவருடைய அண்ணனும் சேர்ந்து நெல் மண்டி வைத்திருந்தார்கள். களத்துமேட்டுக்கே போய் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து விலை பேசுகிற வேலை இவருடையது. அதற்காக ஊர் ஊராக இந்த வண்டியில்தான் சுற்றினார். கண் போன பிறகு அந்த வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். இவர் வீட்டோடு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை புலம்பவில்லை. புலம்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டியில் பேட்டரி சாகக் கிடந்தது. ராத்திரி முழுக்க நின்ற பிறகு சாவியைத் திருப்பினால் இரண்டு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடும். தினமும் காலையில் "கொஞ்சம் தள்ளி விடுங்கண்ணா" என்று தெருவில் போகிறவர்களிடம் கெஞ்ச என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் வீடு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. தெரு அங்கிருந்து சரிவாகக் கரைக்கு ஏறும். சாயந்திரம் கரைமேல் போய்த் திருப்பிக்கொண்டு வந்து, மூக்கு கீழே பார்க்கும்படி பாதிச் சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிடுவேன். காலையில் கல்லை எடுத்துவிட்டால் தானாக உருளும். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் படக்கென்று பிடித்துக்கொள்ளும். யார் தயவும் வேண்டாம்.

நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் இவர் ஒரு வேலை செய்வார். பழைய பனியன் துணியோடு சரிவேறிப் போய், பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவுவார். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கண்ணுக்குக் கோடு தெரியாது. கட்டைவிரல் நகத்தால் தடவித்தான் கண்டுபிடிப்பார். என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாகத் தொடங்கி அதுவே நிலைத்துவிட்டது.

"டீச்சர், ஆயிலு திரும்பவும் எறங்கிக்கீது."

"நேத்துதான ஊத்தினீங்கோ?"

"ஊத்திக்கினேதான் கீறேன். குடிச்சிக்கினே கீதே."

டப்பாவிலிருந்து கோடு தொடும்வரை ஊற்றி, துணியால் சுற்றிலும் ஒரு சொட்டு இல்லாமல் துடைத்துவிட்டு இறங்கி வருவார். அந்த நேரத்தில் முகம் பழைய முகமாக இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் அவசரப்படுத்த மாட்டேன்.

ஆனால் வண்டி குடித்த குடி கொஞ்சநஞ்சமல்ல. எங்கேயாவது ஒழுகுகிறதா என்று ராத்திரி அடியில் அட்டை விரித்து வைத்தோம். விடிந்து பார்த்தால், தாளிக்கிறபோது தெறித்த மாதிரி நாலைந்து சொட்டு. அவ்வளவுதான். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். அதிலும் இல்லை. பிறகு பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, என்னை ஓட்டச் சொல்லிப் புகையைப் பார்த்தார். பார்த்தார் என்பது பேச்சுக்குத்தான், மூக்கால்தான் கண்டுபிடித்தார்.

"எரியிற வாசன வருது. கலரு இன்னா, நீலமா வெள்ளையா?"

நான் கண்ணாடியில் பார்த்து நீலம் என்றேன். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அவருக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சைலன்ஸர் வாயில் விரலை விட்டுக் கரியை வழித்தார். நீலப் புகையைப் பார்த்தார். ஆயில் குறைந்துகொண்டே போகிறது என்று நான் சொன்னதையும் கேட்டார்.

"ரிங்கு தேஞ்சி போச்சி டீச்சர். இன்ஜின எறக்கித்தான் ஆவணும். ஆமா, கிளட்ச்சு மேல கால வச்சிக்கினேதான ஓட்டுறீங்கோ?"

"பின்ன, கால வூட்ல கழட்டி வச்சிட்டா வர முடியும்?" என்றேன்.

கிளட்சில் வைத்த காலுக்கும் என்ஜினுக்குள் இருக்கும் ரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஊரில் செய்தி அப்படித்தான் பரவியது. பொம்பளை ஓட்டினால் வண்டி ஆயில் குடிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சைலன்ஸரைவிட அதிகமாகப் புகைந்தேன்.

இவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே பேச்சை முடித்துவிட்டார்.

"இன்ஜின எறக்கி செலவு பண்ணி இன்னா ஆவப்போவுது? தம்பிக்குக் கண்ணு இப்டி ஆன பொறவு வண்டி இன்னாத்துக்கு? செங்கல்பட்டுல ஒரு பார்ட்டி கீறாரு. திங்கக்கெழம வந்து எடுத்துக்கினு போவட்டும்."

நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் பஸ்ஸில் போய்க்கொள்வேன், அது பிரச்சினை இல்லை. காலையில் எழுந்து இந்த மனிதர் எங்கே போவார்? பனியன் துணியை வைத்துக்கொண்டு எதைத் துடைப்பார்? அழுகை வந்தது. அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஓரிக்கையில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. கடைசியாக ஒருதரம் காரிலேயே போவோம் என்றார் இவர். சனிக்கிழமை சாயந்திரமே போய்ச் சேர்ந்தோம். தங்கை வாழ்க்கைப்பட்டது தறிக்காரக் குடும்பத்தில். பட்டு நூலை ஆள்நீளத்துக்கு ஆள்நீளமாக இழுத்துப் பாவு கட்டுகிற தெரு அது. நேராக, நீளமாக, மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கும். கிளம்பும்போது தள்ளிவிட மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் வாசலிலேயே நிறுத்தினேன்.

ஞாயிறு காலை நான் வளையல் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து இவர் குரல்.

"டீச்சர்! இங்க வா. யாரு இதுல ஆயிலு ஊத்தினது?"

போனேன். குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்கோட்டைத் தாண்டி, அதற்கும் மேலே விரற்கடை உயரத்துக்கு ஆயில் பளபளத்தது.

"ஒருத்தரும் ஊத்தல. நீங்கோதான் நேத்து காலைல ஊத்தினீங்கோ."

"நேத்து நான் கோடு வரைக்கும்தான ஊத்தினேன்?"

துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். அதேதான். என் கையில் அவருக்குக் கொண்டுவந்த காபி டம்ளர் இருந்தது. வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. டம்ளரை மெதுவாகச் சாய்த்தார். காபி ஒரு பக்கம் விளிம்புவரை ஏறியது, மறுபக்கம் இறங்கியது. இறங்கிய பக்கத்தில் விரலை வைத்தார். எங்கள் வண்டியில் ஆயில் குச்சி என்ஜினின் பின்பக்கத்தில் இருந்தது.

"நம்ப வூட்டாண்ட மேடு," என்றார்.

எனக்கும் அந்த நொடியில் புரிந்தது. மூக்கு கீழே பார்க்க நிற்கிற வண்டியில் ஆயில் முழுக்க முன்பக்கம் போய்த் தேங்கிக்கொள்ளும். பின்னால் இருக்கிற குச்சியில் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். இவர் அதை நம்பி ஊற்றுவார். அளவுக்கு மிஞ்சினதை என்ஜின் எரித்துப் புகையாகத் தள்ளும். மறுநாள் திரும்பவும் ஊற்றுவார். குடிக்கிறது குடிக்கிறது என்றே பேசிப் பழகிவிட்டோம். குடிப்பவர்மேல்தான் பழி போடுவது வழக்கம், ஊற்றிக் கொடுக்கிற கையை யாரும் கேட்பதில்லை.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண் போன பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். வளைகாப்புக்கு வந்தவர்கள் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

ஊருக்கு வந்ததும் மெக்கானிக் அதிகப்படி ஆயிலை இறக்கிவிட்டார். "நீங்கோ கொறையுதுன்னு சொன்னீங்கோ, நானும் குச்சிய உருவியே பாக்கல பாருங்கோ" என்று தலையைச் சொறிந்துகொண்டார். நீலப் புகை நின்றது. பிறகும் வண்டி கொஞ்சம் குடிக்கத்தான் குடித்தது, அந்த வயசுக்கு அது நியாயம்தான். திங்கட்கிழமை செங்கல்பட்டுக்காரரை அழைத்துக்கொண்டு வந்த அண்ணனிடம் இவரே பேசினார்.

"ரிங்குலாம் நல்லாத்தான் கீதுண்ணா. எனக்குத்தான் ஊத்துற கை கொஞ்சம் ஜாஸ்தி. வண்டிய குடுக்கல."

மறுநாள் காலை பனியன் துணியோடு கிளம்பியவர், சரிவில் நின்ற வண்டிக்கு அருகே போனதும் நின்றுவிட்டார். சமதளத்துக்கு இறக்கித்தானே இனி ஆயில் பார்க்க வேண்டும்?

"நீ அடுப்பப் பாரு. நானே எறக்கிக்கினு வரேன்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ஓட்டக் கூடாதுன்னாரு. உருட்டக் கூடாதுன்னு சொல்லலியே."

கல்லை நான் எடுத்தேன். அவர் கதவைத் திறந்து, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் ஆடு, கோழி எதுவும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தேன். என்ஜின் ஓடவில்லை. சக்கரத்தின் கீழே மண் நெரிகிற சத்தம் மட்டும் கேட்டது. வீட்டு வாசலுக்கு நேராக வந்து, ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினார்.

சமதளத்தில் நின்ற வண்டி சாவிக்குக் கிளம்ப வேண்டுமே, அன்றைக்கே புது பேட்டரி போட்டோம். சாவியைத் தொட்டதும் கிளம்பியது. பக்கத்து வீட்டம்மா கேட்டார்கள், "புது பேட்டரி போட்டும் இன்னாத்துக்கு மேட்டுலயே கொண்டும்போயி நிறுத்துறே?"

"பழக்கம் போவலக்கா," என்றேன்.

வண்டியை விற்கும்வரை ஒவ்வொரு சாயந்திரமும் கரைமேல் போய்த் திருப்பிக்கொண்டு வந்து அந்தச் சரிவிலேயே நிறுத்தினேன். ஒவ்வொரு காலையும் நான் கல்லை எடுக்க, அவர் ஏறி உட்காருவார். தெருவில் என்னைத் தவிர ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு ஒருதரம் ஹாரன் அடிப்பார்.