ஒரு ஊசியும் போடாத பிள்ளைகள்

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் தட்டம்மை. ஒரு குழந்தை மூச்சு வாங்கி எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. செங்கம் ரோட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. நான் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பத்தாவது ஃபெயில், ஆறு மாசம் ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் கோர்ஸ். அவ்வளவுதான் படிப்பு.

டாக்டரம்மா வந்து நின்றார்.

"அந்த ஏரியால தட்டம்மை ஊசி போடாத பசங்க லிஸ்ட் வேணும். பத்தரைக்கு வேன் கெளம்பணும். சூளை ஆளுங்க மத்தியானம் லாரி ஏறி வேற ஊருக்குப் போறாங்களாம்."

"தரேம்மா."

மூன்று ஃபைல் வைத்திருந்தோம். ஒன்றில் பிள்ளைகள். ஒன்றில் ஊசி வகைகள். மூன்றாவதில், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்று, போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நான் மூன்றாவதைத் திறந்தேன். தட்டம்மை அல்லாத வரிகளை எடு என்றேன். எடுத்தது. பிரிண்ட் போட்டேன்.

வேனில் போகும் வசந்தா சிஸ்டர் லிஸ்ட்டைப் பார்த்தார்.

"இன்னாபா இது? இந்த முருகன் பையனுக்கு தட்டம்மை ஊசி நானே போட்டேன். இதுல அவன் பேரு இருக்குது. சூளைப் புள்ளைங்க ஒண்ணு கூட இல்ல."

"கம்ப்யூட்டர் அப்பிடித்தான் குடுக்குது சிஸ்டர்."

"கம்ப்யூட்டரா வந்து ஊசி போடப்போவுது? பாருப்பா."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

பார்த்தேன். முருகன் பையனுக்குப் போலியோ சொட்டும் கொடுத்திருந்தது. அந்த வரி தட்டம்மை இல்லை. அதனால் லிஸ்ட்டில் வந்துவிட்டான். சூளைப் பிள்ளைகளின் பேரை மட்டும் போன மாசம் எழுதி வந்தார்கள், அது பிள்ளைகள் ஃபைலில் ஏறியது. ஊசி நாளில் மழை, வேன் போகவில்லை. மூன்றாவது ஃபைலில் அவர்களுக்கு ஒரு வரியும் கிடையாது. இல்லாத வரியை எப்படி எடுக்கும்?

பிள்ளைகள் ஃபைலில் இருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பிள்ளையின் நம்பரையும் தட்டம்மை ஊசியின் கோட் நம்பரையும் சேர்த்து மூன்றாவதில் தேடு. கிடைத்தால் விடு. கிடைக்காவிட்டால் அச்சடி. எட்டு வரி புரோகிராம். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். டாக்டரம்மா மறுபடி வந்து நின்றார்.

"ஆச்சா?"

"ஓடுதும்மா."

"ஆச்சா?"

"ஓடுதும்மா."

ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தையை விட்டு, சூளையில் மட்டும் பத்தொன்பது பெயர் வந்தது. வேன் பதினொன்றே காலுக்குக் கிளம்பியது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தேன்.

சாயங்காலம் சிஸ்டர் வந்தார்.

"லாரி ஸ்டார்ட் ஆயி நிக்குது. மறிச்சு நின்னு போட்டேன். பதினேழு பேருக்கு ஆச்சு. ரெண்டுக்கு ஏற்கெனவே அம்மை வார்த்துப்போச்சு, இங்க கூட்டினு வந்துட்டேன்."

உள்ளங்கையை நீட்டினார். பேனாவில் மூன்று பிள்ளைகளின் பெயர் எழுதியிருந்தது.

"இதுங்களுக்கும் போட்டேன். உன் எந்த ஃபைல்லயும் இல்லபா இதுங்க. இதுங்கள எங்கேர்ந்து தேடுவ?"

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போடாதவர் யார் என்று கேட்டால், போட்டவர் ஃபைலில் தேடாதே. எல்லாரும் இருக்கும் ஃபைலில் ஆரம்பி. அதிலும் எல்லாரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்த வாரத்தில் இருந்து, பேர் எழுத, வேனில் நானும் ஏறினேன்.